0.9 மில்லிமீட்டர்: முழுத் தானியத்துக்கு மாறியதில் உருளை இடைவெளிக் கதை

வீட்டில் பீர் தயாரிப்பதில், கூப்பர்ஸின் மால்ட் சாறு டப்பாவை விட்டு முழுத் தானியத்துக்கு மாறியதிலிருந்து 1.040-ஐத் தாண்ட மறுத்த ஹைட்ரோமீட்டர் (கரைந்த சர்க்கரையை அடர்த்தியால் காட்டும் கருவி), இம்முறை 1.048 காட்டியது. அதே ஐந்து கிலோ பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி), அதே 23 லிட்டர். மாறியது அரைவை மட்டுமே.

மாஷின், அதாவது வெந்நீரில் ஊறும் அரைத்த மால்ட்டின், வெப்பம் ஒரு மணி நேரமும் 66 டிகிரியில் நின்றிருந்தது, அயோடின் சொட்டும் நீலமாகவில்லை. எனவே கரைந்த மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாகிவிட்டது, கரையாமல் தங்கியதுதான் கணக்கில் குறைகிறது என்று புரிந்தது. சக்கையைக் கையில் அள்ளிப் பார்த்தபோது உடையாத மணிகள் ஏராளமாகக் கிடந்தன. மாஷ் அடைத்துக்கொண்டது என்று வாடிக்கையாளர் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே கடைக்காரர்கள் உருளைகளை அகலமாக வைத்து அரைத்துத் தருகிறார்கள் என்பது என் கணிப்பு. அவர்கள் நிம்மதிக்கு என் மால்ட்டைக் காவு கொடுக்க மனம் வரவில்லை.

ஆகவே இரட்டை உருளை அரைவை இயந்திரம் ஒன்றை வாங்கி, மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) உருளைகளின் இரு முனைகளிலும் நுழைத்து, இடைவெளியை 0.9 மில்லிமீட்டராக்கினேன். திருகை இறுக்கும்போது அளவு சற்றே நகர்ந்துவிடுவதால், இறுக்கிய பின் மீண்டும் அளப்பது கட்டாயம். ஆனால் இவ்வளவு நெருக்கமாக அரைத்தால் உமி நொறுங்கும். உமிதான் வடிகட்டிப் படுகை என்பதால், அது போனால் வார்ட் (சர்க்கரை கரைந்த மால்ட் நீர்) இறங்காது. இதற்கு மருந்து, அரைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பாக மால்ட்டின் எடையில் இரண்டு சதவீதத் தண்ணீரை, அதாவது ஐந்து கிலோவுக்கு 100 மில்லியை, தெளிப்பானால் தூவிக் கிளறி வைப்பது. உமி மட்டும் பதமாகி வளைந்து கொடுக்கிறது, உள்ளிருக்கும் பருப்பு உலர்ந்தே இருக்கிறது. இயந்திரத்தைச் சுழற்றும் டிரில்லை மெதுவாக ஓட்டியபோது உமி முழுசாகவும் உள்ளீடு இட்லி ரவை போன்ற குருணையாகவும் பிரிந்து விழுந்ததைப் பார்த்து, வீட்டில் எல்லோரையும் அழைத்துக் காட்டினேன். எவரும் என் அளவுக்கு வியக்கவில்லை. தண்ணீர் கூடினால் உருளையில் மாவு பசையாக அப்பிக்கொள்ளும். கடைசியில் ஒரு பிடி உலர்ந்த மால்ட்டை ஓட்டிவிட்டால் உருளை ஈரமின்றித் துருப்பிடிக்காமல் இருக்கும்.

முதலில் இறங்கிய கலங்கலைத் திரும்ப மேலே ஊற்றித் தெளியவிட்ட பிறகு, 76 டிகிரி நீரால் அலசியபோதும் படுகை ஒருமுறைகூட அடைக்கவில்லை.

அரைத்த மால்ட் விரைவில் மணம் இழக்கும், அரைக்காதது காற்றுப்புகாத டிரம்மில் பல மாதம் தாங்கும் என்பதால், இனி கடையில் கிலோ கணக்கில் வாங்காமல் 25 கிலோ மூட்டையாகவே எடுக்கப்போகிறேன். இந்த ஏல் வகை பீர் இன்னும் 18 டிகிரியில் நுரைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் பில்ஸ்னர் எனும் இன்னும் வெளிறிய மால்ட்டில் அடுத்ததைத் திட்டமிட்டாயிற்று. வேகவைத்த சோள வாடை தங்காதிருக்க அதைத் தொண்ணூறு நிமிடம் மூடாமல் கொதிக்கவிட வேண்டும்; கசப்புக்கு, இங்கே மெல்பர்னின் ரிங்வுட்டில் உருவான பிரைட் ஆஃப் ரிங்வுட் வகை ஹாப்ஸ் பூக்கள். பில்ஸ்னர் மணிக்கும் 0.9 பொருந்துமா என்பதை ஒரு கிலோ அரைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்வேன்.