ஸ்டில்வாட்டரில் கிடைத்த ஆஸ்பத்திரி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரத்திலிருந்து கிழக்கே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கார் ஓட்டினால் ஸ்டில்வாட்டர் வந்துவிடும். செயின்ட் குராய் ஆற்றங்கரை ஊர். 1931இல் கட்டிய தூக்குப்பாலத்தில் இப்போது நடக்கலாம், சைக்கிளில் போகலாம். கார் போக முடியாது. டிசம்பர் குளிரில் பாதிப் பாலம் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். வந்த வேலை வேறு. மெயின் ஸ்ட்ரீட்டில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன.

நம் ஊரில் கிறிஸ்துமஸுக்குக் குடில் வைப்பதுபோல, இங்கே பல வீடுகளில் மேசைமேல் ஒரு குட்டி ஊரையே அடுக்குகிறார்கள். பீங்கான் வீடுகள், கூரையில் பனி, உள்ளே பல்பு. அதில் பெயர்பெற்ற டிபார்ட்மென்ட் 56 என்ற கம்பெனி இந்த மினசோட்டாவில் பிறந்ததுதான். பாக்மன்ஸ் என்ற பூ வியாபார நிறுவனம் தன் பிரிவுகளுக்கு எண் கொடுத்திருந்தது. பரிசுப்பொருள் பிரிவின் எண் 56. 1976இல் 'ஸ்னோ வில்லேஜ்' என்று ஆறு கட்டடங்களோடு ஆரம்பித்தார்கள். அந்த ஆறில் இரண்டு தேவாலயம், ஒரு சத்திரம். ஆஸ்பத்திரி இல்லை.

நான் தேடுவது ஆஸ்பத்திரியை மட்டும்தான். அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி நாட்களில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஊரே இருட்டாக இருக்கும், பிரசவ வார்டு ஜன்னல்கள் மட்டும் மஞ்சளாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவேன்.

மூன்றாவது கடையில், கீழ்த்தட்டில், ஒரு பேக்கரிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் பின்னால் இருந்தது. செங்கல் நிறத்தில் இரண்டு மாடி, வாசலுக்கு மேல் சின்னச் சிவப்புச் சிலுவை. எந்தக் கம்பெனி என்று அடியில் முத்திரை இல்லை. புகைபோக்கி நுனியில் பட்டாணி அளவு சில்லு பெயர்ந்திருந்தது. விலை உயர்ந்தது வேண்டும் என்பவர்கள் இதைத் தொடமாட்டார்கள். உற்பத்தி நின்றுபோனது, பெட்டியோடு இருப்பது, சில்லு போகாதது, இவைதான் அவர்கள் கணக்கு. எனக்கு ஜன்னல்தான் கணக்கு. பின்பக்கத் துளையில் விரலை விட்டுப் பார்த்தேன், எல்லா ஜன்னலும் திறப்பாகவே இருந்தன. சில மலிவான உருப்படிகளில் ஜன்னலை வெறுமனே மஞ்சள் பெயின்டால் வரைந்துவிடுவார்கள், வெளிச்சம் வராது.

கடைக்கார அம்மாவிடம் "எரிகிறதா என்று பார்க்கலாமா?" என்றேன். எழுந்து போய் வேறொரு வீட்டிலிருந்து ஒயரோடு பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். செருகினார். மேல்மாடியில் நான்கு ஜன்னல், கீழே மூன்று. அப்புறம் அவரே கடையின் அந்த மூலை விளக்கை அணைத்தார்.