ஒரு சின்ன ‘ம’
இப்போதுதான் மகளைப் படுக்க வைத்தேன். போர்வையை இழுத்துவிட்டபடி, கற்றுவரும் பிரெஞ்சில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்: “ஜெ கூஷ் மா ஃபீய்.” என் மகளைப் படுக்க வைக்கிறேன்.

அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு நானும் சாய்ந்தேன். “ஜெ ம கூஷ்.”

நடுவில் ஒரு சின்ன ‘ம’. ‘என்னை’ என்று பொருள். பிரெஞ்சில் என்னை நானே படுக்க வைக்கிறேன்!

எழுவது, குளிப்பது, உடுத்துவது, எல்லாவற்றிலும் இந்த ‘ம’ உண்டு. பல நாள் தடுமாறினேன். நம்மிடம் ‘கொள்’ இருக்கிறதே என்று இன்றுதான் உறைத்தது. படுத்துக்கொள், உடுத்திக்கொள், தலை வாரிக்கொள்.

பல் தேய்ப்பதைச் சொல்லும்போதும் பிரெஞ்சுக்காரர்கள் ‘என் பல்’ என்பதில்லை. நாமும்தான்.

குழந்தையைத் தூங்கச் சொல்ல அங்கே “ஃபே தோதோ” என்பார்கள். நாளை இரவு மகளின் காதில் அதைத்தான் சொல்லப்போகிறேன்.