சம சம்பளம்: பதவிப் பெயரை நம்பாதீர்கள்

சம்பள வித்தியாசத்தைப் பெரும்பாலும் மறைப்பது பதவிப் பெயர்தான். ஒரே மெஷினில் ஒரே ஷிப்டில் நிற்கும் ஆணுக்கு 'ஆபரேட்டர்', பெண்ணுக்கு 'ஹெல்பர்' என்று போட்டுவிட்டால் கேட்க ஆளில்லை. ஆனால் சட்டம் பார்ப்பது பெயரை அல்ல. திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றைத்தான். வேலையில் சின்னச் சின்ன வேறுபாடு இருந்தாலும், நடைமுறையில் அதற்கு முக்கியத்துவம் இல்லையென்றால் சம்பளத்தைக் குறைக்க முடியாது. 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டம் சொன்னது இது. அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும், அனுபவத்தைப் புதிதாகச் சேர்த்து, இதையே சொல்கிறது.

1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மெக்கின்னன் மெக்கென்சி கம்பெனி வழக்கைப் பாருங்கள். பெண் ஸ்டெனோக்களுக்கு ஆண் ஸ்டெனோக்களைவிடக் குறைந்த சம்பளம். யூனியனோடு ஒப்பந்தம் இருக்கிறது, கம்பெனியிடம் பணமில்லை என்றது நிர்வாகம். இரண்டும் எடுபடவில்லை.

பே ஸ்லிப்பை ஒப்பிடும்போது மொத்தத் தொகையோடு நிறுத்திவிடாதீர்கள். பேசிக், அலவன்ஸ், இன்சென்டிவ், ஓவர்டைம் என்று வரி வரியாகப் பாருங்கள். பேசிக் குறைந்தால் பிஎஃப், கிராஜுவிட்டி இரண்டிலும் அடி விழலாம். அப்பாயின்ட்மென்ட் லெட்டரோடு, தினமும் உண்மையில் செய்யும் வேலைகளையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். பதவிப் பெயரை உடைக்க அதுதான் ஆதாரம். சமப்படுத்துகிறேன் என்று ஆண்களின் சம்பளத்தைக் குறைக்கவும் சட்டம் விடாது. எனவே கூட வேலை செய்யும் ஆண்களும் தயங்காமல் தங்கள் ஸ்லிப்பைக் காட்டலாம். புதிய தொகுப்பின்படி, பாக்கியைக் கேட்டு மனுப் போட 3 ஆண்டு அவகாசம் உண்டு. யூனியனும் உங்களுக்காகப் போடலாம்.