பேசினால் தீர்ந்துவிடும் தடை: மூன்றாம் முறை காதல் நாவல் எழுதியபோது கற்றது

நான் எழுதி அனுப்பிய நாவல் போட்டியின் முடிவு வெளியாகி நான்கு நாள்களாகின்றன. மூன்று முறை முயன்றதில் இம்முறைதான் என் காதல் நாவல் இறுதிப் பட்டியல்வரை வந்திருக்கிறது, பரிசு இல்லை. முதல் இரண்டு முறையும் முதற்சுற்றிலேயே திரும்பி வந்ததால் இதுவே போதும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், முழுதாக நம்பாவிட்டாலும். சொல் வரம்பு, கதைச்சுருக்கத்தின் நீளம் போன்ற போட்டி விதிகளுக்குள் நான் போகவில்லை. என்னை இரண்டு ஆண்டுகள் பின்தள்ளிய ஒரு தவற்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதப்போகிறேன்.

என் முதல் நாவலில், நாயகன் வேறொரு பெண்ணுடன் சிரித்துப் பேசுவதைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு நாயகி ஊரைவிட்டே போய்விடுகிறாள். அந்தப் பெண் அவனுடைய அக்கா என்பது இருபத்தெட்டாம் அத்தியாயத்தில்தான் அவளுக்குத் தெரியவருகிறது. இடைப்பட்ட அத்தியாயங்களில் கண்ணீர், மழை, காய்ச்சல் என எதற்கும் குறைவில்லை. நடுவர் குறிப்பு ஒரே வரியில் வந்தது: “இவர்கள் ஒருமுறை பேசிக்கொண்டால் நாவல் முடிந்துவிடுமே?” அந்த வரியின் மீது ஆறு மாதம் கோபமாக இருந்தேன். இரண்டாம் முறை அக்காவை நீக்கிவிட்டு, பொறாமை பிடித்த உறவுக்காரி ஒருத்தி மறைத்துவைத்த கடிதத்தைப் புகுத்தினேன். தடை வேறு சட்டை போட்டுக்கொண்டதே தவிர, ஆள் அதே ஆள்தான்.

தெளிவு கிடைத்தது, பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அகத்திணைப் பாடத்தில், அதாவது சங்கக் காதல் பாடல்களின் இலக்கணத்தில். புணர்தல், இருத்தல் (பிரிந்தவனுக்காகக் காத்திருத்தல்), ஊடல், இரங்கல், பிரிதல் என்னும் ஐந்து உரிப்பொருள்களில், அதாவது ஐந்து திணைகளுக்கும் உரிய காதல் நிலைகளில், கூடியிருப்பதைப் பேசுவது ஒன்றுதான். மற்ற நான்கிலும் ஏதோ ஒரு வகை விலகல் இருக்கிறது. காமத்துப்பாலின் 250 குறள்களில் மணத்துக்கு முந்தைய காதலைப் பேசும் களவியலுக்கு 70, மணத்துக்குப் பிந்தையதைப் பேசும் கற்பியலுக்கு 180. அந்த 180இலும் பிரிவும் ஏக்கமும் ஊடலுமே நிறைந்திருக்கின்றன. சங்கப் பாடல்களில் பொருள் தேடிப் போகும் தலைவன், யாரோ கோள் மூட்டியதால் பிரிவதில்லை. அவன் ஏன் போகிறான் என்பது தலைவிக்குத் தெரியும். தெரிந்திருப்பதால் வலி குறைவதும் இல்லை. என் நாயகிக்கு உண்மை தெரியாது என்பதை மட்டுமே நம்பி நான் இரண்டு நாவல்களை எழுதியிருந்தேன்.

மூன்றாவது நாவலில், தந்தை விட்டுச்சென்ற அச்சகத்தை விற்றுக் கடனை அடைக்க வருகிறான் நாயகன். அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாக மெய்ப்புப் பார்ப்பவள் நாயகி. விற்கத்தான் வந்திருக்கிறேன் என்பதை அவன் மூன்றாம் அத்தியாயத்திலேயே அவளிடம் சொல்லிவிடுகிறான். அவன் பக்கத்து நியாயம் அவளுக்கும், அவள் பக்கத்து நியாயம் அவனுக்கும் புரிந்துவிடுகிறது; புரியப் புரிய முடிச்சு இறுகியது. ஆகவே நாவலைத் தொடங்கும் முன், இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, எதையும் மறைக்காமல் பேசவிட்டு ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். இரண்டு பக்கத்தில் சமாதானமாகிவிட்டால் அந்தக் கதையைத் தொடராதீர்கள். வேறு எந்த ஆலோசனையை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, காதலை அறிவிக்கும் வாக்கியங்கள். ‘அவன் விழிகளில் காதல் வழிந்தது’ என்று முதற்படியில் எழுதியிருந்த இடத்தில் இப்போது இப்படி இருக்கிறது: அவள் மேசையில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை அவன் எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, அவளுடைய இழுப்பறையில் வைக்கப் போனவன், யோசித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான், மறுநாள் அவள் மேசை முழுவதும் தேடுகிறபோது எடுத்துக் கொடுக்கக் கூச்சப்பட்டு, தானும் சேர்ந்து தேடுகிறான். இறுதிச் சுற்று நடுவர் பெயர் சொல்லிப் பாராட்டிய ஒரே காட்சி இதுதான்.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- கதைச்சுருக்கத்தில் முடிவை மறைக்காதீர்கள். இருவரும் சேர்வார்கள் என்பது நடுவருக்குத் தெரியும். எப்படி என்பதைத்தான் தேடுகிறார்.
- ஒரு காட்சியில் யாருக்கு இழப்பு அதிகமோ அவர் பார்வையில் அக்காட்சியை எழுதுங்கள். நடுவில் அடுத்தவர் மனத்துக்குள் தாவ வேண்டாம்.
- நாயகியின் தோழிக்கும் ஒரு வேலை, ஒரு கவலை கொடுங்கள். கேள்வி கேட்பதற்காக மட்டும் அவள் வரக் கூடாது.
- ஆன்டி ஹீரோ கதைகளைப் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. அதட்டுகிறவனைக் காதலிக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.
- நாளொன்றுக்கு ஆயிரம் சொல் என்னும் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. வாரத்தில் ஒரு நாள், விடிகாலையில், கையால் எழுதினேன்; முதற்படிக்கு ஓராண்டு பிடித்தது.
- எழுதி முடிக்கும்வரை நண்பர்களிடம் காட்டாதீர்கள். நாயகி யார் என்று கண்டுபிடிப்பதிலேயே அவர்கள் நேரம் போய்விடும்.

நெருக்கமான காட்சிகளை நான் கதவுக்கு வெளியே நின்றே எழுதினேன். அது என் கூச்சம்; அதை விதியாகக் கொள்ள வேண்டாம்.

இம்முறை நடுவர் குறிப்பில், அச்சகத்தில் இருவரும் மூன்று நாள் பேசாமல் வேலை பார்க்கும் ஊடல் அத்தியாயம் நீளம் என்றும், பாதியாகக் குறைத்தால் நாவல் விறுவிறுப்பாகும் என்றும் இருக்கிறது. நேற்று இரவு அதை மறுபடி படித்தேன். இரண்டு பத்திகளை எடுத்திருக்கிறேன். மீதியைத் தொடுவதாக இல்லை.