முதலில் ஸ்கேன், அப்புறம்தான் சொட்டு

வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. அது அரை மணிக்குள் முடிந்துவிட்டது. அதற்கு முன் லென்ஸ் சாய்வை அளக்கத்தான் கரூரிலிருந்து கோவைக்கு இரண்டு முறை பஸ் ஏற வேண்டியிருந்தது.

எனக்குச் சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாததால் வரும் பவர்) அதிகம், அதனால் அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ். ஊரில் எடுத்த பயோமெட்ரி (லென்ஸ் பவருக்காகக் கண்ணை அளப்பது) ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "கண் நீளமெல்லாம் இருக்கு, சாய்வு இல்லையே" என்றார். பிறவி லென்ஸே கண்ணுக்குள் நேராக உட்காருவதில்லையாம். பொதுவாக நாலைந்து டிகிரி சாய்ந்திருக்கும். புது லென்ஸும் பழையது இருந்த அதே பைக்குள் போவதால் பெரும்பாலும் அதே பக்கம்தான் சாயும், கொஞ்சம் கூடுதலாகவே. சாய்ந்த லென்ஸ் தன் பங்குக்கு ஒரு சிலிண்டரை உண்டாக்கி டோரிக் கணக்கைக் கெடுக்கும். லென்ஸைக் குறுக்குவெட்டாகப் படம் பிடிக்கும் ஓசிடி மெஷினில்தான் இதை அளக்கிறார்கள்.

சாய்வு என்றால் என்ன என்று ஆஸ்பத்திரி கவுன்சலரிடம் கேட்டபோது, "ஆபரேஷனுக்கு அப்புறம் லென்ஸ் திரும்பிடும்ல சார், அதுதான்" என்றார். அதுவல்ல. சாமி படத்தை மேல்பக்கம் முன்னால் வருகிற மாதிரி மாட்டுவோமே, அது சாய்வு. அதே படம் ஆணியில் கோணலாகத் தொங்கினால் அது திரும்பல்.

முதல் நாள் டோக்கன் 43. வரிசையாக வந்த சிஸ்டர், "அண்ணாந்து பாருங்க" என்று எல்லோருக்கும் கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டுக்கொண்டே போனார். நானும் அண்ணாந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து ஸ்கேன் அறையில் டார்ச் அடித்துப் பார்த்த பெண், "சொட்டு போட்டாச்சா? கருவிழி வளைவு அளவும் இதுலதான் எடுக்கணும், இனி நம்ப முடியாது. இன்னொரு நாள் வாங்க" என்றார். சிஸ்டரிடம் போனால், "எல்லாருக்கும்தான் போடறோம்." அவ்வளவுதான் பதில். விரிந்த கண்ணோடு மத்தியான வெயிலில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ் போர்டு ஒன்றும் தெரியவில்லை, ஒவ்வொரு கண்டக்டரிடமும் போய்க் கேட்டேன்.

அடுத்த முறை ஃபைல் அட்டை மேல் பேனாவால் பெரிதாக எழுதினேன்: "ஸ்கேன் முதலில். சொட்டு வேண்டாம்." அப்படியும் சொட்டு வந்தது, என் மனைவி கையை நீட்டித் தடுத்தாள். கண் அழுத்தம் பார்ப்பதையும் ஸ்கேனுக்குப் பிறகு வைக்கச் சொல்லிவிடுங்கள். கருவிழியைத் தொட்டுப் பார்க்கும் முறையாக இருந்தால் அதுவும் அளவைக் கெடுக்கும்.

ஸ்கேனிலும் ஒரு வம்பு. புரை வழியாகப் பார்த்தால் ஒரு விளக்கு மூன்றாகத் தெரிகிறது, எதைப் பார்ப்பது? ஏதோ ஒன்றைப் பார்த்தேன். வலது 7.8 டிகிரி, இடது 4.4. பிரிண்ட் போகப் போகிறது. இரண்டு கண்ணும் சாதாரணமாகக் கண்ணாடி பிம்பம் மாதிரி ஒத்துப்போகும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. "இன்னொரு தடவை எடுங்கம்மா" என்றேன். முகம் சுளித்தாலும் எடுத்தார். கண்ணைச் சிமிட்டிவிட்டு, நடுவில் பளிச்சென்று இருந்த புள்ளியையே பார்த்தேன். 4.9. சந்தேகத்துக்கு மறுபடியும் ஒன்று: 4.8. கண் இரண்டு மூன்று டிகிரி விலகினாலே சாய்வும் அந்த அளவுக்குத் தப்பாக வருமாம்.

அந்த 7.8-ஐ டாக்டரிடம் காட்டியதும் சிரித்தார். 4.9-ஐ வைத்துச் சிலிண்டரை ஒரு படி மாற்றினார்.

சாதாரண லென்ஸ் போடுகிறவர்கள் இதற்காக அலைய வேண்டியதில்லை. டோரிக், மல்டிஃபோக்கல் (தூரம், கிட்டம் இரண்டும் தெரிகிற லென்ஸ்) என்றால் மட்டும் கேளுங்கள், இரண்டு கண்ணின் பிரிண்டையும் கையில் வாங்கிப் பாருங்கள். எனக்கு இடது கண் அடுத்த மாதம். ஃபைல் அட்டையை மாற்றவில்லை.