காய் உடைக்கும் நாள்

கானாவின் அசாந்தி பகுதியில், கோகோ விளையும் கிராமங்களில் நான் ஒரு கல்வித் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய், பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்டுக் குறிக்க வேண்டும். முதல் வருஷம் முழுக்கக் குறித்தேன். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் "போறாங்க" என்றார்கள். அதில் பொய் இல்லை. கோகோ பகுதிகளில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளில் கானாவில் 96 சதவீதம் பேர் பள்ளிக்குப் போகிறார்கள் என்கிறது சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்க் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு. கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலுமாக 15.6 லட்சம் குழந்தைகள் கோகோ தொழிலில் வேலை செய்கிறார்கள் என்று சொல்வதும் அதே ஆய்வுதான். இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம். இரண்டும் ஒரே பிள்ளையைப் பற்றியதாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

அதைக் காட்டியது ஒரு பையனின் இடது கை. பத்துப் பதினோரு வயது இருக்கும். சீருடையோடு, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பள்ளி வாசலில் நின்றான். உள்ளங்கையில் துணிக்கட்டு, அதில் காய்ந்த ரத்தம். என்ன ஆச்சு என்று கேட்டால், "காய் உடைச்சேன்" என்றான், அவ்வளவுதான்.

நான் ஆனைமலைப் பக்கத்துக்காரன். தென்னைக்கு நடுவில் கோகோ போட்ட தோப்பில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் காயைக் கட்டையால் தட்டிப் பிளப்போம். நான் வேலை செய்த ஊர்களில் கத்திதான். காயை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கத்தியால் ஒரு போடு, ஓட்டில் பதிந்ததும் ஒரு திருகு. காய் இரண்டாகி, வெள்ளைச் சதைக்குள் கொட்டைகள் தெரியும். பெரியவர்கள் பேச்சு நிற்காமலே செய்வார்கள். ஆனால் பத்துக் காய் உடைப்பதற்குள் கை முழுக்கச் சாறு வழுவழுக்கும். சின்னக் கைக்குக் காய் அடங்காது. கத்தி காயின் ஓட்டைத் தாண்டினால் அடுத்தது உள்ளங்கைதான். கானா சட்டம் 13 வயதிலிருந்து இலகுவான வேலையை அனுமதிக்கிறது. கத்தியால் காய் உடைப்பதும், மருந்தடிப்பதும், தாங்க முடியாத சுமை தூக்குவதும் 18 வயது வரை கூடாது.

அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். அறுவடை மும்முரமாக இருக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை பக்கத்துக்குப் பக்கம் காலிக் கட்டங்கள். வியாழக்கிழமை மட்டும் வகுப்பு நிறைந்திருந்தது. எனக்குப் பிடிபடவில்லை. அவர்தான் சொன்னார்: அசாந்தி மக்களுக்கு வியாழன் பூமித்தாய் அசாசே யாவின் நாள், அன்றைக்கு இந்த ஊரில் யாரும் தோட்டத்துக்குப் போவதில்லை. தோட்டம் ஓயும் நாளில் பள்ளி நிறைகிறது. ஒரு வருஷமாக நான் நிரப்பிய படிவங்கள் சொல்லாததை அந்தப் பதிவேடு சொன்னது.

அந்தப் பையனின் பாட்டியைப் போய்ப் பார்த்தேன். ஊரில் எல்லோரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மகள் குமாசி நகரத்தில் வேலை பார்க்கிறாள். பேரப்பிள்ளைகள் மூவர் பாட்டியிடம். கல்வியின் அருமையைப் பற்றிப் பேசப் படங்களெல்லாம் கொண்டு போயிருந்தேன். என் சக ஊழியர் ட்வி மொழியில் பேச்சைத் தொடங்கினார். நானா முடிக்க விடவில்லை.

"பறிச்ச காய் குவிஞ்சு கிடக்கு. ரொம்ப நாள் போட்டா கெட்டுப்போயிடும். ஆள் வைக்கணும்னா கொட்டை வித்த காசு வேணும். கொட்டை விக்கணும்னா காய் உடைக்கணும். நீ வந்து உடைக்கிறியா?"

படங்களைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம் என்று முறை வைத்து வேலை செய்யும் வழக்கம் அங்கே உண்டு. நொபோவா என்பார்கள். ஆனால் திருப்பி உழைக்கத் தெம்பில்லாத கிழவியை அந்த முறையில் யார் சேர்ப்பார்கள்? இளைஞர்களில் பாதிப்பேர் நகரத்துக்கும் தங்கச் சுரங்கத்துக்கும் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியவர்களைக் கூட்டி ஒரு காய் உடைக்கும் குழு அமைத்தோம். கூலியைத் திட்டப் பணத்திலிருந்து முன்பணமாகக் கொடுப்பது, கொட்டை விற்றதும் வீட்டார் திருப்பிக் கட்டுவது என்று ஏற்பாடு. கல்வித் திட்டத்தில் கூலிக்கு எதற்குப் பணம் என்று மேலே கேட்டார்கள். பதிவேட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன். இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகமே இல்லை: பள்ளிச் சுவருக்கு அடித்த பெயின்ட்டை விட அந்தக் கூலிதான் பிள்ளைகளின் படிப்புக்கு உதவியது.

சீருடை, நோட்டுச் செலவு, நடுநிலைப் பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர் நடை என்று மற்றதும் உண்டு. அவற்றுக்கெல்லாம் யாராவது பணம் கொடுத்துவிடுகிறார்கள், போட்டோவில் நன்றாக வரும். அறுவடைக் கூலி போட்டோவில் வராது. மோசமான குழந்தை உழைப்பை 2005-க்குள் ஒழிப்போம் என்று சாக்லேட் நிறுவனங்கள் 2001-இல் கையெழுத்துப் போட்டன. அந்தக் கெடு 2008 ஆகி, 2010 ஆகி, 2020 வரை நீண்டது. காய்க் குவியலுக்கு முன்னால் நிற்கும் பாட்டியால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட முடியாது.

குழு தொடங்கி இரண்டாவது அறுவடையில், டிசம்பர் மாதம், அதே பதிவேட்டைத் திரும்பவும் புரட்டினேன். அந்தப் பையனின் வரிசையில் காலிக் கட்டம் இல்லை. வகுப்பு முழுவதிலும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான்கு பிள்ளைகளுக்குக் கட்டம் காலி. நான்கு பெயரையும் எழுதிக்கொண்டேன். தலைமை ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார். "முதல் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், நானும் வரேன்" என்று செருப்பை மாட்டினார்.