மேற்குப் பார்த்த ஷட்டர்

ஏப்ரல் 9

மாலை நான்கு மணிக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்கா, ஊசியைத் துணியில் குத்திவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது" என்றார். மோரில் உப்புப் போட்டுக் கொடுத்து, வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன். அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டார். ஆனாலும் என் நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை. என்னை நம்பி வேலைக்கு வருகிறவர்.

எங்கள் தையல் கூடம் முன்பு கார் ஷெட்டாக இருந்தது. பத்தடி அகலம், எட்டடி உயரத்துக்கு மேற்குப் பார்த்த ரோலிங் ஷட்டர், கரும்பச்சைப் பெயிண்ட். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மூன்று மணி ஆனதும் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிடுவோம், வெயிலை மறைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வோம். இன்று அதன் உள்பக்கத்தில் புறங்கையை வைத்தேன். ஒரு நொடி தாங்கவில்லை. இத்தனை வருடமும் தோசைக்கல்லுக்கு எதிரே உட்கார்ந்து தைத்திருக்கிறோம்.

ஏப்ரல் 12

அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் இருக்கும் சித்தி மகளிடம் பேசினேன். அங்கேயும் கொளுத்துகிற வெயில்தான். அவள் வீட்டுக் கார் ஷெட் கதவின் உள்பக்கம் நுரைப் பலகை வெட்டிப் பொருத்தியிருக்கிறாளாம். கேட்டதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. கடையில் இரண்டு பக்கமும் வெள்ளியாக மினுங்கும், நடுவில் காற்றுக்குமிழி வைத்த ஷீட் கிடைத்தது. ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து ஷட்டரின் உள்பக்கம் முழுவதும் பசை போட்டு ஒட்டினேன்.

ஏப்ரல் 13

காலையில் ஷட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை. வெல்டிங் பட்டறை அண்ணனைக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தார். மேலே உருளையில் ஷீட் கசங்கி, கிழிந்து, சுருளோடு சிக்கிக்கொண்டிருந்தது.

"இது கதவு இல்லையம்மா, சுருட்டுகிற பாய். தலையணையை உள்ளே வைத்துப் பாயைச் சுருட்ட முடியுமா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விளங்கிவிட்டது. சித்தி மகள் வீட்டுக் கதவு நான்கைந்து பலகைகளாக மடங்கி, தண்டவாளம் போன்ற சட்டத்தில் ஏறிக் கூரைக்குக் கீழே படுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பலகைக்கும் உள்ளே நுரையை வைக்க இடம் இருக்கிறது. நம் ஷட்டரோ மூன்று விரல் அகலப் பட்டைகள் ஒன்றோடொன்று கோத்தது, சுருண்டுதான் ஆகவேண்டும். எடை கூடினாலும் ஆபத்து என்றார் அண்ணன். மேலே இருக்கும் ஸ்பிரிங்கை ஷட்டரின் எடைக்குத் தகுந்தபடிதான் முறுக்கி வைத்திருப்பார்களாம். அதை நாமாகக் கழற்றப் போகவே கூடாது, விடுபட்டால் கையை முறித்துவிடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

கல்லூரியில் பௌதிகம் படிக்கும் என் அண்ணன் மகன் இன்னொன்றும் சொன்னான். வெள்ளி ஷீட்டை இரும்போடு ஒட்டினால் சூடு நேராக அதற்குள் இறங்கிவிடும்; நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருந்தால்தான் இரும்பைப் பார்த்த பக்கத்து மினுமினுப்புக்கு வேலை. ஒட்டியதை எல்லாம் மண்ணெண்ணெய் வைத்துச் சுரண்டி எடுத்தோம்.

ஏப்ரல் 24

மதியம் பன்னிரண்டேகால் வாக்கில் முற்றத்தில் ஒரு தண்ணீர்ச் சொம்பை வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் நிழலே இல்லை. சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாள். இனி ஆகஸ்ட் வரைக்கும் உச்சியைத் தாண்டி வடக்கே ஒதுங்கித்தான் போகும். ஷட்டருக்குத் தெற்கே நிற்கும் வேப்பமரம் இந்த மாதங்களில் எங்களுக்கு ஏன் உதவுவதில்லை என்று இன்றுதான் புரிந்தது.

ஷட்டருக்கு மேலே தகரத்தில் மூன்றடி சாய்ப்பு இறக்கலாம் என்றிருந்தேன். அண்ணன் மகன் தாளில் கோடு போட்டுக் காட்டினான். மே மாதம் நான்கு மணிக்குச் சூரியன் கீழே இறங்கி வந்துவிடும். மூன்றடி சாய்ப்புக்கு இரண்டடி உயரம்தான் நிழல் விழும். மிச்சம் ஆறடியும் வெயில். அந்த நேரத்தில் மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் விழும் என்று கணக்குப் போட்டான். எங்கள் ஷட்டர் ஏழரை சதுர மீட்டர். கரும்பச்சை அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். அதாவது நான்கைந்து இஸ்திரிப்பெட்டிகள் ஒரே சமயத்தில் சூடாவது போல. கல்யாண ரவிக்கைகளில் வியர்வைக் கறை படிந்துவிடுமோ என்று மடியில் துண்டு விரித்துத் தைத்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

மே 1

இரண்டு நாளாகப் பெயிண்ட் வேலை. கடைக்காரர் சில்வர் பெயிண்டைத்தான் எடுத்துக் கொடுத்தார், "வெயிலைத் திருப்பி அடிக்கும்" என்று. நான் வெள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். சில்வர் வெயிலைத் திருப்பும், ஆனால் தான் வாங்கிய சூட்டைச் சுலபத்தில் வெளியே விடாது. வெள்ளை திருப்பவும் செய்யும், சூட்டை விட்டுவிடவும் செய்யும்.

பட்டைகளில் கிரீஸ் துடைத்து, உப்புத்தாள் போட்டு, துருப் பிடித்த இடத்தில் ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் மெல்லிதாக இரண்டு கோட் வெள்ளை. தடிமனாக அடித்தால் பட்டைகளின் கணுவில் பெயிண்ட் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு கோட்டும் தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்ததும் நாலு முறை மெதுவாக ஏற்றி இறக்கினோம்.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பமானித் துப்பாக்கியை ஏசி மெக்கானிக்கிடம் மறுபடி இரவல் வாங்கினேன். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் நாலேகால் மணிக்கு உள்பக்கம் 61 டிகிரி காட்டியது. இன்று அதே நேரத்தில் 50. கையை வைத்தால் சுடுகிறது, ஆனால் வைத்திருக்க முடிகிறது. அறைக்குள் பெரிய மாற்றம் தெரியவில்லை. அக்காவை மூன்று மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கூலியைப் பிடிக்கவில்லை, பிடிப்பது நியாயமே இல்லை.

மே 7

வெயிலை இரும்பு வரைக்கும் வரவிட்ட பிறகு எதைச் செய்தாலும் அரைகுறைதான். அதனால் வெளியிலேயே நிறுத்துவது என்று முடிவு செய்தேன். காம்பவுண்டுக்குள் ஷட்டருக்கு முன்னால் இரண்டடி தள்ளி மூங்கில் நட்டு, தென்னங்கீற்றுத் தட்டி இரட்டையாகக் கட்டினோம். அடியில் ஓர் அடி திறந்தே விட்டிருக்கிறது, மேலேயும் மூடவில்லை. இடையில் சூடாகும் காற்று மேலே போய்விட வேண்டும். ஆள் நுழைய ஓரத்தில் வழி.

நாலேகால் மணிக்கு ஷட்டர் 42 டிகிரி. மூன்று முறை சுட்டுப் பார்த்தேன். அதே 42.

மே 10

தட்டியின் நடுவில் வெட்டிவேர்ப் பாய் ஒன்றைத் தொங்கவிட்டு நனைத்தேன். மலைப்பக்கமிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது குளுகுளுவென்று வாசனையோடு உள்ளே வருகிறது. காற்று நின்றால் வெறும் ஈரப்புழுக்கம்தான். மே மாதத்தில் இரண்டு குடம் நல்ல தண்ணீரை இதற்கு ஊற்ற எனக்கு மனம் இல்லை. துணி அலசிய கடைசித் தண்ணீர் மட்டும்.

மே 16

வைகாசி முகூர்த்த ரவிக்கைகள் குவிந்துவிட்டன. உள்ளே சட்டம் அடித்துத் தெர்மாகோல் பலகை நிறுத்தலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். சூட்டைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் நாள் முழுக்க இஸ்திரிப்பெட்டி எரிகிற அறை இது; சுற்றிலும் துணி, பஞ்சு, நூல் குப்பை. மூடாத தெர்மாகோலில் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே குலை நடுங்குகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் ஷட்டரிலிருந்து அரையடி தள்ளிப் பழைய பவானி ஜமக்காளத்தைக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். வேண்டும்போது இழுத்து மூடலாம்.

மே 19

ராத்திரி எட்டு மணிக்குக் கூரை காய்கிறது. பகலெல்லாம் வாங்கியதைத் தளம் இப்போதுதான் கீழே விடுகிறது. இரவு ஜன்னலையும் பின்கதவையும் திறந்துவைத்து, காலை ஒன்பதுக்குள் மூடுகிறோம். தளத்துக்கு வெள்ளை அடிப்பது அடுத்த செலவு.

மே 23

தட்டி வந்த பிறகு ஷட்டரை இறக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. மூன்று மணிக்கும் ஏற்றியபடியே நிற்கிறது. சுவரில் தொங்கும் வெப்பமானி நான்கு மணிக்கு 37. போன மாதம் இதே நேரம் 41.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் ஓரமாகப் போட்டுக்கொண்டார். கீற்றின் இடுக்கு வழியே விழும் வெளிச்சத்தில்தான் காஜாவின் நூல் நன்றாகத் தெரிகிறதாம். ஆறு மணி வரை அங்கேயே உட்கார்ந்து பதினோரு ரவிக்கைகளுக்குக் காஜா எடுத்து முடித்தார்.